ஐஸ்பெர்க் வாங்கலாமா, அரைக்கீரையே போதுமா?

வெயில் ஏற ஏற சாலட் பற்றிய கடிதங்களும் ஏறுகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சர்க்கரை கொஞ்சம் எல்லையில் இருக்கிறது, சாலட் நிறையச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் ஐஸ்பெர்க், ரோமைன், லீஃப் லெட்யூஸ், ராக்கெட், கேல் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையும் ஒன்றுக்கொன்று எட்டவில்லை. எதை வாங்கினால் கொடுக்கிற காசுக்குச் சத்து கிடைக்கும்? (கோவை வாசகி)

பதில்: வெளிறிய இலையை விட்டுவிட்டுக் கரும்பச்சை இலையை எடுங்கள். லேபிளைப் படிக்காமலேயே கண்ணால் செய்யக்கூடிய வேலை இது. பச்சை அடர்ந்த இலையில்தான் உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டீனும் வைட்டமின் கே-யும் அதிகம்.

ஐஸ்பெர்க் என்ற லெட்யூஸ் முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு மூடிக்கொண்டு வளர்வது. உள்ளே இருக்கும் இலைகளுக்கு வெயிலே படுவதில்லை, அதனால்தான் அந்த வெளுப்பு. நூறு கிராம் வாங்கினால் அதில் 95 கிராமுக்கு மேல் தண்ணீர். மிச்சத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை: வைட்டமின் ஏ சுமார் 25 மைக்ரோகிராம், ஃபோலேட் என்ற பி வகை வைட்டமின் 29 மைக்ரோகிராம். அதன் பக்கத்திலேயே நீட்டு நீட்டாக நிற்கும் ரோமைனும் லெட்யூஸ்தான். ஆனால் நூறு கிராமில் வைட்டமின் ஏ 430 மைக்ரோகிராமுக்கு மேல், ஃபோலேட் சுமார் 136. இரண்டும் அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலில் உள்ள அளவுகள். ஒரே இனத்துச் செடிக்குள்ளேயே இவ்வளவு தூரம்.

இணையத்தில் அடிக்கடி சுற்றும் ஒரு தரவரிசை உண்டு. அமெரிக்காவின் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழக ஆய்வு, 2014-இல் வெளிவந்தது. 17 சத்துகளை வைத்துக் காய் கனிகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். வாட்டர்கிரெஸ் என்ற நீரோட்ட இலை நூற்றுக்கு நூறு. லீஃப் லெட்யூஸ் சுமார் 71, ரோமைன் 63, கேல் 49, ராக்கெட் 38, ஐஸ்பெர்க் 18. இதைப் பார்த்துவிட்டு வாட்டர்கிரெஸ்ஸைத் தேடி அலைய வேண்டாம். அந்த மதிப்பெண் கலோரிக் கணக்கில் போட்டது. நூறு கலோரிக்கு வாட்டர்கிரெஸ் சாப்பிட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ மெல்ல வேண்டும். யார் மெல்லுவது? தண்ணீர்ச்சத்து மிகுந்த இலைகளுக்குச் சாதகமான கணக்கு அது. அதிலேயே ஐஸ்பெர்க் 18 வாங்கியிருக்கிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

அதற்காக ஐஸ்பெர்க் வாங்குவதே வீண் என்று சொல்லவில்லை. சாண்ட்விச்சில் அந்த மொறுமொறுப்பை வேறெதுவும் தராது. கலோரியும் நூறு கிராமுக்கு 14-தான், உங்கள் சர்க்கரையை அது ஒன்றும் செய்யாது. மொறுமொறுப்புக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி. சத்துக்கு என்றால் ரோமைன் அல்லது லீஃப் லெட்யூஸை அடிப்படையாக வைத்து, மேலே ஒரு கைப்பிடி ராக்கெட் போடுங்கள். அது கடுகுக் குடும்பம், சுருக்கென்று காரமடிக்கும், நிறைய போட்டால் பிள்ளைகள் தொட மாட்டார்கள். கால்சியம் நூறு கிராமுக்கு 160 மில்லிகிராம் வரை இருக்கிறது. கேல் முரட்டு இலை. நடுநரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, பொடியாக அரிந்து, உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்தால் பத்து நிமிடத்தில் இளகிவிடும். பிசையப் பொறுமை இல்லாதவர்கள் அந்த விலைக்கு அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: என் மருமகள் பேபி ஸ்பினாச்சை டப்பாவில் வாங்கி வருகிறாள். அந்த ஒரு டப்பா விலையில் நான் நாலு கட்டு கீரை வாங்குவேன். அதில் அப்படி என்ன இருக்கிறது? அரைக்கீரையிலும் முருங்கையிலும் இல்லாததா? (சென்னை, மயிலாப்பூர் வாசகி)

பதில்: சத்துக் கணக்கில் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள், அம்மா. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியல்படி நூறு கிராம் முருங்கைக் கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், வைட்டமின் சி 100 மில்லிகிராமுக்கு மேல். அகத்திக் கீரையில் கால்சியம் 900-ஐ ஒட்டி. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தேவையே 1000 மில்லிகிராம்தான். ஸ்பினாச்சில் சுமார் 100. அந்த நூறும் முழுசாக உடம்பில் சேராது. அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சேர்வது ஏறக்குறைய ஐந்து சதவீதம். பாலில் முப்பது சதவீதம் வரை சேரும். கீரை வகைகளிலும் ஆக்ஸாலிக் அமிலம் இல்லாமல் இல்லை, தண்டுக்கீரை வகையறாவில் நிறையவே உண்டு. அதனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் கீரை, ஸ்பினாச் இரண்டையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவதே நல்லது.

இனி மருமகள் பக்கம். கீரை என்றால் ஆய வேண்டும், மண் போக மூன்று தண்ணீர் மாற்றி அலச வேண்டும், வேகவைத்துக் கடைய வேண்டும். முருங்கையை உருவ உட்கார்ந்தால் ஒரு சீரியல் முடிந்துவிடும். வேலைக்குப் போய் ஏழரை மணிக்கு வீடு வருகிறவள் டப்பாவைத் திறந்து கொட்டிச் சாப்பிடுகிறாள். ஃப்ரிட்ஜில் வாடிக் கிடக்கும் முருங்கையை விட வயிற்றுக்குள் போன ஸ்பினாச் மேல். பச்சையாகச் சாப்பிடுவதில் இன்னொரு லாபம், சமையலில் போய்விடும் வைட்டமின் சி மிஞ்சும். ஆனால் அளவைப் பாருங்கள்: ஒரு தட்டு நிறையத் தெரியும் பச்சை இலை நாற்பது கிராம்கூடத் தேறாது. வெந்த கீரை சுண்டிப்போவதால் இரண்டு கரண்டியிலேயே அதைவிடக் கூடுதலாக இலை உள்ளே போகிறது. தாளிப்பு எண்ணெயும் சேர்வதால் கரோட்டீன் நன்றாக உறிஞ்சப்படுகிறது.

பச்சையாகத்தான் வேண்டும் என்றால் நம் பக்கத்து இலைகளிலும் வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வல்லாரையைச் சம்பல் போடுவார்கள். இலையை மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துத் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட்டுப் பிரட்டினால் முடிந்தது. அடுப்பே மூட்ட வேண்டாம். பருப்புக்கீரையைத் துருக்கியிலும் கிரேக்கத்திலும் தயிரோடும் தக்காளியோடும் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். ஒமேகா 3 வகைக் கொழுப்பு அதில் இருக்கும் அளவுக்கு வேறு கீரைகளில் கிடைப்பது அரிது. நம் ஊரில் அதைப் பருப்போடு கடைவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வல்லாரைச் சம்பல் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எடை குறைக்க எண்ணெயே இல்லாமல் வெறும் எலுமிச்சை பிழிந்து சாலட் சாப்பிடுகிறேன். சரிதானே? (சேலம் வாசகர்)

பதில்: பாதி சரி. கரோட்டீனும் வைட்டமின் கே-யும் கொழுப்பில் கரைபவை. அமெரிக்காவில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2004-இல் வெளியிட்ட சோதனையில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடு சாலட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டீன் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. எண்ணெய் சேர்த்தபோது ஏறியது. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும். அல்லது வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, ஒரு அவித்த முட்டை.

எதிர்ப்பக்கமும் போகாதீர்கள். ஹோட்டல் சீஸர் சாலட்டில் ஊற்றும் டிரெஸ்ஸிங் இரண்டு டேபிள்ஸ்பூனிலேயே 150 கலோரிக்கு மேல் வரும். கீழே இருக்கும் இலைகளெல்லாம் சேர்ந்தாலும் இருபது, முப்பதைத் தாண்டாது. வீட்டில் மயோனைஸ் கலப்பவர்களுக்கு ஒன்று: பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. கிருமி பயம்தான் காரணம். வீட்டு மயோனைஸுக்கும் அதே கிருமிதான்.

கேள்வி: என் கணவர் இதய வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார். கீரை, சாலட் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்கள் உறவினர்கள். (மதுரை வாசகி)

பதில்: உறவினர்கள் பேச்சில் நிறுத்தவும் வேண்டாம், என் பேச்சில் தொடங்கவும் வேண்டாம். வார்ஃபரின், அசினோகூமரால் வகை மாத்திரைகள் வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்பவை. நூறு கிராம் ஸ்பினாச்சில் வைட்டமின் கே சுமார் 480 மைக்ரோகிராம், ஐஸ்பெர்க்கில் 24. ஒரு வாரம் கீரையாகவே சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருந்தால் ரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு ஆடும். பொதுவாக டாக்டர்கள் சொல்வது, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்பதுதான். என்ன அளவு என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், சாப்பாட்டில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் 'ஹைட்ரோபோனிக்', 'நேச்சுரல்', 'பெஸ்டிசைட் ஃப்ரீ' என்றெல்லாம் போட்டிருக்கிறது. பேக் செய்த தேதி மட்டும் இல்லை. கடைக்காரர் "இன்னைக்கு வந்ததுதான் சார்" என்கிறார். (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் தேதி. பொட்டலப் பொருள் விதிகள்படி, பேக் செய்தவரின் பெயர், முகவரி, நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, பேக் செய்த காலம், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை அச்சில் இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராம் என்ன விலை என்பதும் இருக்க வேண்டும். சாலட் இலைக்கு இந்தக் கடைசி வரிதான் கண்ணைத் திறக்கும். கிராம் எண்பது காசு என்று படித்தால், கிலோ எண்ணூறு ரூபாய்க்கு இலை வாங்குகிறோம் என்பது உறைக்கும். தேதி இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். கடை மேலாளரிடம் கேட்டும் அவர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஹைட்ரோபோனிக் என்றால் மண் இல்லாமல், உரச்சத்து கரைத்த தண்ணீரில் வளர்த்தது. அவ்வளவுதான். மண் ஒட்டாது, சுத்தம் செய்வது சுலபம். அந்த ஒரு சொல்லுக்காகச் சத்து கூடிவிடாது. நேச்சுரல் என்பது வெறும் விளம்பரம். ஆர்கானிக் என்று விற்றால் அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரையைத் தேடுங்கள்.

எந்த முத்திரை இருந்தாலும் கழுவுங்கள். 2018-இல் அமெரிக்காவில் ரோமைன் இலை வழியாக ஈ.கோலை கிருமி பரவி 200-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அங்கேயே அப்படி. இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் அலசி, கடைசி அலசலைக் குடிக்கிற தண்ணீரில் செய்யுங்கள். இதுவும் கிருமியைக் குறைக்கும், முழுக்க ஒழிக்காது. அதனால் கர்ப்பிணிகள், கீமோதெரபி எடுப்பவர்கள் வெளியில் பச்சை சாலட்டைத் தவிர்த்து வெந்த கீரையைச் சாப்பிடலாம்.

கேள்வி: லெட்யூஸ் வாங்கி இரண்டே நாளில் பழுப்புப் புள்ளி விழுகிறது. ஃப்ரிட்ஜ் கோளாறா? (திருப்பூர் வாசகி)

பதில்: பக்கத்தில் ஆப்பிள் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு பட்டால் லெட்யூஸின் நடுநரம்பில் துருப்பிடித்தது போல் புள்ளி விழும். பழத்தை வேறு தட்டுக்கு மாற்றுங்கள். இலையைக் கழுவிய ஈரத்தோடு வைக்காமல் துணியில் ஒற்றி, உலர்ந்த துணி சுற்றிக் கீழ்த்தட்டில் வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் மட்டும் அரியுங்கள்.

நிறைய வாங்கிச் சேர்க்கவும் வேண்டாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, நான்கு டிகிரி குளிரில் வைத்த ஸ்பினாச்சில் எட்டாம் நாள் ஃபோலேட் பாதிதான் மிஞ்சியிருந்தது. பார்க்க இலை பச்சையாகவே இருக்கும். உங்கள் பக்கம் விற்கும் லெட்யூஸ் பெரும்பாலும் நீலகிரியிலிருந்து இறங்குவது. எந்தக் கிழமை லோடு வருகிறது என்று கடையில் கேட்டு, அன்றைக்கே இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குங்கள். தண்ணீர் தெளித்து அடுக்கியிருந்தால், எடை போடுவதற்கு முன் நன்றாக உதறச் சொல்லுங்கள்.