தங்கத் தரம் வாங்கிய சாலை என் வாய்க்காலை அடைக்காதா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. ஊருக்கு மேற்கே, வடக்கு தெற்காக, தேசிய நெடுஞ்சாலைக்கான புறவழிச்சாலை வரப்போகிறது என்று அளந்து கல் நட்டிருக்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் ஆலோசனை நிறுவனத்தார் கொடுத்த துண்டறிக்கையில், ‘என்விஷன்’ என்ற நிலைத்தன்மை மதிப்பீட்டில் இந்தத் திட்டம் தங்கத் தரம் பெறும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் என் பாசன வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் ஆபத்தில்லை என்று இருக்கலாமா? இல்லையென்றால், வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியுமா? 20,000 ரூபாய் கொடுத்தால் ‘பசுமை ஆட்சேபணை’ தயார் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தத் தங்கம் உங்கள் வாய்க்காலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாலை, பாலம், ரயில் திட்டங்களுக்கு இப்படி மதிப்பெண் போடும் முறைகள் வெளிநாடுகளில் பல உண்டு. அவற்றில் ஒன்று, அமெரிக்காவில் உருவான என்விஷன். அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் 64 அம்சங்கள் இருக்கின்றன. மக்கள் வாழ்க்கைத் தரம், நிர்வாகம், வளப் பயன்பாடு, இயற்கை, பருவநிலை என்று ஐந்து தலைப்புகளில் அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். பொருந்தாத அம்சங்களைக் கழித்துவிட்டு, மீதியில் 40 சதவீதம் எடுத்தால் தங்கம், 50 எடுத்தால் பிளாட்டினம். நம் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். இங்கே 40 எடுத்தால் தங்கப் பதக்கம்!

முறையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வெள்ளச் சமவெளியைக் காப்பது, மழைநீரைக் கையாள்வது பற்றியெல்லாம் அதில் அம்சங்கள் உண்டு. ஆனால் அதில் கோட்டை விட்டாலும், விளக்குக்கு மின்சாரம் மிச்சம் பிடித்தது, பழைய தாரை மறுபடி பயன்படுத்தியது, ஊர்க் கூட்டம் போட்டது என்று வேறு பக்கத்தில் மதிப்பெண் சேர்த்துக் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டிவிடலாம். முழுச் சாலைக்கும் சேர்த்துப் போடும் கணக்கில் உங்கள் ஊர் வடிகால் எங்கே தெரியப்போகிறது?

இன்னொன்று. எல்லா மதிப்பீட்டையும் வெளியாள் வந்து சரிபார்ப்பதில்லை. அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ‘இன்வெஸ்ட்’ முறையில் திட்டத்தை நடத்துபவர்களே தங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள். தங்கள் வேலையைத் தாங்களே திருத்திக்கொள்ள அது நல்ல கருவி. ஊர்க்காரரிடம் காட்டிச் சம்மதம் வாங்குவதற்கான கருவி இல்லை. துண்டறிக்கை கொடுத்தவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். சரிபார்த்த வெளி நிறுவனம் எது? தரம் வரைபடத்துக்கா, கட்டி முடித்த சாலைக்கா? பதில் வராது என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் இப்படியொரு தரம் வாங்கினால்தான் நெடுஞ்சாலை போடலாம் என்று சட்டம் கிடையாது. விளம்பரத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

‘பசுமை நெடுஞ்சாலை’ என்ற பெயரும் உங்கள் காதில் விழும். மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, திட்டச் செலவில் ஒரு சதவீதத்தை மரம் நட ஒதுக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் புங்க மரம் வடிகாலைத் திறந்துவிடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். டெல்டாவில் சாலை போகும் திசையை வைத்தே பாதி சொல்லிவிடலாம். கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எதை எடுத்தாலும் கிழக்கே, கடலை நோக்கித்தான் போகிறது. வாய்க்காலும் வடிகாலும் பெரும்பாலும் அதே போக்குதான். தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலைபோல மேற்கிலிருந்து கிழக்கே போகும் சாலை தண்ணீரோடு கூடவே போகிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலை வழியில் இருக்கிற ஒவ்வொரு வாய்க்காலையும் குறுக்கே வெட்டுகிறது. உங்கள் சாலை இரண்டாம் ரகம். அதுவும் வெள்ளத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்று கரை உயர்த்திப் போடுவார்கள். நம் சமவெளியில் சரிவு மிகக் குறைவு. ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே மேற்குப் பக்கம் எத்தனை வயல் மூழ்கும் என்பது, சம்பா நட்டுவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே தங்கத் தரத்தை விட்டுவிட்டு, கல்வெர்ட் பட்டியலை, அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போக வைக்கும் மதகுகளின் பட்டியலைக் கேளுங்கள். திட்ட அறிக்கையில் எந்தக் கிலோமீட்டரில் என்ன அளவில் மதகு வருகிறது என்று ஓர் அட்டவணை இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். உங்கள் வாய்க்காலும் வடிகாலும் தனித்தனியாக அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே குழாய் போட்டிருந்தால் அங்கேயே ஆட்சேபியுங்கள். பாசனம் மேட்டில் வரும், வடிகால் பள்ளத்தில் போகும். ஒரே மட்டத்தில் வைத்த குழாய் இரண்டில் ஒன்றைக் கெடுக்கும். அடுத்தது அடிமட்டம். குழாயின் அடி வாய்க்கால் தரையைவிட உயரமாக இருந்தால் கடைசிச் சொட்டு வடியாது. வடிகாலுக்குச் சிமெண்ட் குழாய் வேண்டாம், பெட்டி வடிவ மதகு கேளுங்கள். ஆகாயத்தாமரை வந்து அடைத்தால் குழாய்க்குள் இறங்கி யார் எடுப்பது?

அந்த அட்டவணை ஏன் தப்பாகிறது தெரியுமா? வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடினால் ஜூன் 12இல்தான் திறப்பார்கள். அளவெடுக்க வருகிறவர்கள் அந்த இடைவெளியில், வேலைக்கு வசதியாக, காய்ந்த நிலத்தில் வருகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சிறிய கன்னி வாய்க்கால் அவர்கள் கண்ணுக்கு வரப்பு ஓரத்துப் பள்ளம். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரான லஸ்கரைக் கூப்பிட்டுக் கேட்டால் அரை நாளில் சரியான பட்டியல் கிடைத்துவிடும். அதைச் செய்யாமல் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அப்புறம் அதற்குத் தங்கத் தரம் வேறு.

கட்டும்போது வரும் ஆபத்தையும் மறக்காதீர்கள். லாரி போக வழி வேண்டும் என்று வாய்க்காலில் சவுடு மண்ணைக் கொட்டி மூடுவார்கள். ‘தற்காலிகம்’ என்பார்கள். இரண்டு போகம் அதிலேயே போய்விடும்.

வேளாண் மண்டலச் சட்டத்துக்கு வருகிறேன். பலரும் இதை நம்பி ஏமாறுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உங்கள் மாவட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் அது தடுப்பது குறிப்பிட்ட சில தொழில்களை: எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய திட்டங்கள், துத்தநாக, செம்பு உருக்காலைகள், தோல் தொழிற்சாலை, கப்பல் உடைப்பு போன்றவை. சாலை, துறைமுகம், குழாய்ப் பாதை, மின்சாரம், குடிநீர் போன்ற கட்டமைப்புத் திட்டங்களை இந்தச் சட்டம் பாதிக்காது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மண்டலம் என்று பெயர் வைத்துவிட்டு, மண்டலத்தைக் குறுக்கே வெட்டும் சாலைக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்தைச் சொல்லி மனு கொடுத்தால் அந்த ஒரு வரியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் நல்ல வாதங்களும் அதோடு போய்விடும். உங்கள் நிலம் மண்டலத்துக்குள் இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லலாம், தவறில்லை. அதையே ஆதாரமாக வைத்து நிற்காதீர்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான மக்கள் கருத்துக்கேட்பையும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டம் 100 கி.மீ.க்கு மேல் போனால்தான் அந்தக் கேள்வியே எழுகிறது. சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டால்? விழுப்புரம் – நாகப்பட்டினம் சாலையை நான்கு தொகுப்பாகப் பிரித்தது உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப் பிரிக்கலாமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி 2021 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. ஊர்க்காரனுக்கு இதெல்லாம் எட்டுவதற்குள் மண் அடித்துவிடுகிறார்கள்.

உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் வேறு. நிலம் எடுக்கப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில் அறிவிக்கை வெளியாகும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று தமிழில். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் நில எடுப்பு அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை கொடுக்கலாம். அவர் உங்களை நேரில் விசாரிக்க வேண்டும். அடுத்து 3டி பிரிவில் நிலத்தை எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடையது, அதன் பிறகு இழப்பீட்டுப் பேச்சுதான். கல் நட்டதை வைத்து நாள் எண்ணாதீர்கள், அறிவிக்கைத் தேதியைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த 21 நாளில்தான் அந்த 20,000 ரூபாய் ஆசாமி பிழைப்பு நடத்துகிறார். ஆட்சேபணைக்குக் கட்டணம் கிடையாது, வெள்ளைத்தாள் போதும். அவர் எழுதித் தருவதில் கார்பன் இருக்கும், புவி வெப்பம் இருக்கும், உங்கள் சர்வே எண் தப்பாக இருக்கும். இன்னொரு ரகம், இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று வெற்றுத்தாளிலும் காசோலையிலும் கையெழுத்து வாங்குகிறவர்கள். தொகை குறைவு என்று தோன்றினால், அதைத் தீர்க்கவென்றே சட்டத்தில் நடுவர் இருக்கிறார். அவரிடம் நீங்களே மனுப் போடலாம்.

மனுவில் சர்வே எண், வாய்க்காலின் பெயர், அது பாயும் ஏக்கர், வடிகால் போய்ச் சேரும் இடம், உங்களுக்கு வேண்டிய மதகின் அளவு, அடிமட்டம், வேலை நடக்கும்போது தண்ணீர் போக மாற்று வழி, இவ்வளவு இருந்தால் போதும். நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்பட நகலையும், மழைக்காலத்தில் எடுத்த படம் இருந்தால் அதையும் இணையுங்கள். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஆளுக்கொரு மனு தனித்தனியாகக் கொடுக்கட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது நீர்வளத் துறையோடு சேர்ந்து கூட்டு ஆய்வு நடத்த வேண்டும் என்று கடைசியில் கேளுங்கள். ஒரு நகலை அந்தத் துறையின் உதவிப் பொறியாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.