ஃபிளாஷ் பேனர் ஓடவில்லை, என்ன செய்யலாம்?

பழைய ஃபிளாஷ் பேனரை (அசையும் படப் பட்டையை) வலைப்பக்கத்தில் சேர்த்தால் வெற்றுக் கட்டம்தான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோப்பை விட்டுவிடுங்கள். அதை ஓட்டும் மென்பொருளான ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. இன்றைய பிரவுசர்களில் அது ஓடாது.

மூன்று நான்கு படங்கள் மாறி மாறி வரும் பேனருக்கு ஜிஃப் (GIF, பல படங்களை ஒரே கோப்பில் வைத்து அசையவைக்கும் பட வகை) தாராளமாகப் போதும். இலவச மென்பொருளான கிம்ப்பில் ஒவ்வொரு படத்தையும் தனி லேயராக (அடுக்காக) வையுங்கள். ஜிஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது ‘அனிமேஷனாக’ என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அசையாத படம்தான் கிடைக்கும். ஒரு படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையும் அங்கேயே மில்லிசெகண்டில் கொடுக்கலாம். எழுத்து இருந்தால் 2000-க்குக் குறைக்காதீர்கள், படிக்க நேரம் வேண்டும். ஜிஃப்பில் ஒரு ஃபிரேமுக்கு (மாறி வரும் ஒவ்வொரு படத்துக்கும்) 256 நிறங்கள்தான் என்பதால் புகைப்படங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும், தட்டையான நிறங்களே நல்லது.

அப்புறம் கோப்பை சர்வரில் ஏற்றி, மற்ற படங்களைப் போலவே பக்கத்தின் நிரலில் படத்தைக் காட்டும் ஐஎம்ஜி (img) டேகில் அதன் முகவரியைக் கொடுங்கள். அகலம், உயரம் இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் பேனர் வந்து சேரும்போது கீழே உள்ள எழுத்தெல்லாம் குதிக்கும். பார்வையற்றவர்களுக்காக, அதே டேகில் படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் ஆல்ட் (alt) வரியில் பேனரின் செய்தியை எழுதிவிடுங்கள். வேகமாக மின்னும் பேனர் மட்டும் வேண்டவே வேண்டாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும்.