சான்றிதழை விடுங்கள், தாளைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: சிறு வயதில் ரசித்துப் பார்த்த 'தி லயன் கிங்' கார்ட்டூன் படத்தின் செல் எனும் ஓவியத் தாள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. படமெடுக்கப் பயன்பட்ட ஒரிஜினல் என்று தரகர் சான்றிதழும் காட்டுகிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: 'படத்தில் பயன்பட்டது' என்று நம்பி வாங்காதீர்கள். செல் என்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். பின்னணி ஓவியத்தின் மேல் அதை வைத்துப் படம் பிடிப்பார்கள். டிஸ்னியின் முழுநீளப் படங்களில் இந்த முறை 1989இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு வண்ணம் தீட்டும் வேலை கணினிக்குப் போய்விட்டது. லயன் கிங் வந்தது 1994இல். அப்படியென்றால் கேமரா முன் வைத்த செல் எங்கிருந்து வரும்? உங்களிடம் காட்டுவது விற்பனைக்கென்றே தயாரித்ததாகத்தான் இருக்கும். அதைக்கூட ஓவியர் கையால் தீட்டியிருக்கலாம். 'கையால் தீட்டிய ஒரிஜினல்' என்று கூசாமல் எழுதுவது அந்தத் தைரியத்தில்தான்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். இதை யார் தரலாம், என்ன எழுத வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. விற்பவரே அச்சடித்து, விற்பவரே கையெழுத்துப் போடுகிறார். ஏமாந்தவர்தான் அலைகிறார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதே லயன் கிங்கின் பென்சில் ஓவியங்கள் உண்மையானவையாக இருக்கலாம். வண்ணம்தான் கணினிக்குப் போனதே தவிர, கதாபாத்திரங்களை அப்போதும் காகிதத்தில்தான் வரைந்தார்கள். சிங்கக்குட்டி சிம்பா தலையைத் திருப்பும் ஒரு நொடிக்கே பல தாள்கள் தேவைப்படும். தாளின் ஓரத்தில் ஆணியில் மாட்டும் துளைகள், மூலையில் வரிசை எண், அழித்துப் போட்ட கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள். செல் இல்லை என்று மனம் உடைய வேண்டாம். அசைவு பிறந்ததே அந்தப் பென்சில் கோட்டில்தான். என்னைக் கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பழைய படங்களின் செல் என்றால், பணம் கொடுக்கும் முன் பின்பக்கத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். தூரிகையால் தீட்டியதில் வண்ணம் திட்டுத்திட்டாக, சில இடங்களில் தடித்து நிற்கும். ஒரே சீராக, வழவழவென்று இருந்தால் அச்சடித்ததோ என்று சந்தேகப்படுங்கள். 212/500 என்பதுபோல் எண் போட்டிருந்தால் பேச்சே வேண்டாம், அது நினைவுப் பொருளாகச் செய்த பிரதி. அப்புறம், முகர்ந்தும் பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. 'மாட்டியிருக்கும் ஃபிரேமைப் பிரிக்கக் கூடாது' என்று தரகர் தடுத்தால் பணத்தை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.