கேலக்ஸியின் மையத்தில் ஒளிர்வது எது? வாசகர் கேள்வி - பதில்

கே: சுருள் கேலக்ஸி ஒன்றின் எக்ஸ் கதிர்ப் படத்தில் மையம் பளிச்சென்று தெரிந்தால், அங்கே பெருங்கருந்துளை வாயுவை விழுங்குகிறது என்று முடிவுகட்டிவிடலாமா?

ப: கூடாது. இளம் விண்மீன்களே அந்த வெளிச்சத்தைத் தரக்கூடும். நிறை மிகுந்த விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து, சுற்றியுள்ள வாயுவைச் சில பத்து லட்சம் டிகிரிக்குச் சூடாக்குகின்றன. எஞ்சும் நியூட்ரான் விண்மீனோ சிறு கருந்துளையோ துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்து எக்ஸ் கதிர் வீசுகிறது. இப்படிப்பட்ட இரட்டைகளின் மொத்த ஒளிர்வு, விண்மீன் பிறப்பு வேகத்தோடு ஏறி இறங்கும். ஆண்டுக்கு 1 சூரிய நிறை அளவு வாயு விண்மீனாக மாறினால், 0.5 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிர் ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) வரையிலான பட்டையில் விநாடிக்குச் சுமார் 2.6×10³⁹ எர்க் ஆற்றல் கிடைக்கும். இது ஏறத்தாழ 7 லட்சம் சூரியன்களின் ஒளிர்வு.

முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். பழைய விண்மீன்களின் பங்கையும் சேர்க்க வேண்டும்; 10¹¹ சூரிய நிறை கொண்ட கேலக்ஸியில் அதுவே விநாடிக்கு 10⁴⁰ எர்க்கை நெருங்கும். அளவிட்ட ஒளிர்வு எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்கு என்றால் குதிக்க வேண்டாம். இந்த விதி வழக்கமாகவே இரண்டரை மடங்கு மேலும் கீழுமாகச் சிதறும். பத்து மடங்கு என்றால் கருந்துளையைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த சாட்சி நிறமாலை. 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வலுவான இரும்புக் கோடு தெரிந்தால், கடுமையான எக்ஸ் கதிர்களை வீசும் ஏதோ ஒரு மூலம் குளிர்ந்த வாயுவைத் தாக்குகிறது என்று பொருள். கோடு 6.7-இல் இருந்தால், பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு இருக்கிறது. தீவிர விண்மீன் பிறப்பே அதற்குக் காரணமாகலாம்.

மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று பெருங்கருந்துளையாகிவிடாது. எம் 82 என்ற கேலக்ஸியின் நடுப்பகுதியில் உள்ள மிகப் பிரகாசமான மூலங்களில் ஒன்று 1.37 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதை 2014-இல் நூஸ்டார் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி காட்டியது. துடிப்பதென்றால் அது நியூட்ரான் விண்மீன்தான்.

கே: மையத்தில் எக்ஸ் கதிர் மங்கலாக இருந்தால் கருந்துளை உறங்குகிறது எனலாமா?

ப: அதுவும் ஆபத்து. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4945 கேலக்ஸியின் கருந்துளைக்கு முன்னால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4×10²⁴ ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட திரை நிற்கிறது. 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே நேரடி ஒளி அதைத் தாண்டாது. அதற்கு மேலே பார்த்தாலோ, வானின் மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்களில் அதுவும் ஒன்று!

கே: சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் பொதுத் தரவை எடுத்து நாங்களே ஆராயலாமா? எங்கே தவறும்?

ப: தாராளமாக. சந்திரா தரவுக்கான சியாவ் மென்பொருளை நிறுவி, அதிலுள்ள சந்திரா ரெப்ரோ கட்டளையால் தரவைப் புதுப்பித்து, வேவ்டிடெக்ட் கட்டளையால் புள்ளி மூலங்களைக் கண்டுபிடியுங்கள். மையத்தைச் சுற்றி 2 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரிக் கோணத்தில் 3600-இல் ஒரு பங்கு) ஆரத்தில் வட்டம் போட்டு ஸ்பெக்எக்ஸ்ட்ராக்ட் கட்டளையால் நிறமாலை எடுங்கள். பின்னணியை அளக்க அந்த வட்டத்துக்கு வெளியே போடும் வளையத்திலிருந்து புள்ளி மூலங்களை நீக்க மறக்காதீர்கள்.

பலரும் சறுக்குவது ஃபோட்டான் குவிதலில். சந்திராவின் உணரி வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒருமுறைதான் பதிவெடுக்கும். அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால், இரண்டின் ஆற்றலும் கூடி ஒன்றாகப் பதிவாகும். மூலம் உண்மையைவிட மங்கலாகவும் கடினமாகவும் (அதாவது ஆற்றல் மிகுந்த ஃபோட்டான்கள் அதிகம் உள்ளதாகவும்) தெரியும். கடினமான நிறமாலையைப் பார்த்துக் கருந்துளை என்று எழுதிவிடுவார்கள். மையம் பிரகாசமாக இருந்தால், உணரியின் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தி, குறுகிய பதிவு நேரத்தில் எடுத்த தரவைத் தேடுங்கள்.

இன்னொன்று: உணரியின் வடிகட்டியில் ஆண்டுக்கணக்காகப் படலம் படிந்து, 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உணர்திறன் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அளவுத்திருத்தக் கோப்பு பழையதாக இருந்தால், 2000-க்கும் 2020-க்கும் இடையில் சூடான வாயு மங்கிவிட்டதுபோலத் தோன்றும். நிறமாலையில் ஃபோட்டான்கள் குறைவென்றால், மாதிரியைப் பொருத்த கை-வர்க்க (χ²) முறை வேண்டாம், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற கேஷ் புள்ளியியலைப் பயன்படுத்துங்கள்.

கே: இதற்கு இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வகம் உதவுமா?

ப: அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் கூர்மை 2 ஆர்க் நிமிட அளவு, மையமும் சுற்றுப்புறமும் கலந்துவிடும். புற ஊதாத் தொலைநோக்கிதான் பயன்படும். சுமார் 1.5 ஆர்க் செகண்ட் கூர்மையில் இளம் விண்மீன்களைக் காட்டுவதால், முதல் பதிலில் சொன்ன பிறப்பு வேகத்தை அதிலிருந்து மதிப்பிடலாம். ஆனால் என்ஜிசி 253 கேலக்ஸியைப் போலத் தூசு மண்டிய மையங்களில் புற ஊதாவை மட்டும் நம்பினால் பிறப்பு வேகம் குறைவாக வரும், எக்ஸ் கதிர் மிகையாகத் தெரியும், இல்லாத கருந்துளை முளைத்துவிடும். அங்கெல்லாம் அகச்சிவப்பு அளவீட்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.