சேமியா பாக்கெட்டில் சிரிப்பது நான்தான். இப்போது என் மகளையும் கேட்கிறார்கள்

மேடம், வணக்கம்.

எங்கள் பக்கத்து மாவட்டங்களில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் ஒரு சேமியா பாக்கெட் தொங்கும். பச்சைப் பட்டுப்பாவாடை, இரட்டைச் சடை, கனகாம்பரம், கையில் பாயசக் கிண்ணம் என்று ஒரு சின்னப்பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அது நான்தான். 1994ல் எடுத்த படம், எனக்கு அப்போது ஆறு வயது. கம்பெனி பெயர் வேண்டாம்.

அந்தக் கம்பெனியில்தான் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்து, "இந்தப் பாப்பாவையே போட்டுடலாமே" என்றார், அவ்வளவுதான். மறுவாரம் ஸ்டூடியோ. முதலில் எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்கள், ஃபிளாஷ் பட்டு மின்னியது என்று கண்ணாடிக் கிண்ணமாக மாற்றினார்கள். உள்ளே இருந்தது பாயசமே இல்லை. ஆறிக் கட்டிப்போன சேமியா மேல் மைதா மாவைக் கரைத்து ஊற்றி, நாலு முந்திரியைச் செருகி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தணும், சாப்பிடக்கூடாது, சிரிக்கணும், பல் தெரியக்கூடாது. கை வலித்து அழுதபோது அப்பா முதலாளி முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னிடம் வந்து "கொஞ்ச நேரம்தான் தங்கம்" என்றார். சம்பளமாக ஒரு பெட்டி சேமியாவும் அப்பாவுக்கு ஐநூறு ரூபாயும் கிடைத்தன.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் சேமியா. பரவாயில்லை, பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். ஆனால் பெண் பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரரின் பெரியம்மா கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "கண்ணு அதேதான், நிறம்தான் மங்கிப்போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றுவரைக்கும் யாராவது "அந்தப் பொண்ணு இவங்கதான்" என்று அறிமுகம் செய்தால், எதிரில் நிற்பவர் கண் பாக்கெட்டுக்கும் எனக்கும் இடையே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கடையில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டு வருவது எனக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது முதலாளியின் மகன் பாக்கெட்டை மாற்றப்போகிறாராம். என் மகளுக்கும் ஆறு வயது, என் ஜாடை. அதே பாவாடை, அதே கிண்ணம் வைத்து அவளைப் படம் எடுக்கணுமாம், "அன்று அம்மா, இன்று மகள்" என்று ரீல்ஸும் போடுவார்களாம். நல்ல தொகை தருவதாகவும் சொல்கிறார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரர், "என்ன குறைஞ்சுடப் போகுது?" என்கிறார். மகள் கண்ணாடி முன்னால் கரண்டியை வைத்துக்கொண்டு சிரித்துப் பழகுகிறாள். நான் மட்டும் முடியாது என்றேன். சும்மா சொல்லவில்லை, கத்திவிட்டேன். "பெத்த பொண்ணு மேலயே பொறாமையா?" என்று நாத்தனார் கேட்டார்.

அந்தக் கேள்விதான் தூங்க விடமாட்டேன் என்கிறது. ஏனென்றால் என் படத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அடிவயிற்றில் ஏதோ செய்தது. அப்பா இப்போது இல்லை. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கடைசிவரை இருந்தது அந்தப் பாக்கெட்தான். எனக்கு என்னதான் வேண்டும் மேடம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளை அனுப்ப முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்குக் காரணம் காட்டி ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கணவரும் அந்தப் பிள்ளைக்குப் பெற்றவர் என்பதால் அவரோடு பேசித்தான் ஆகவேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பொறாமையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. பொறாமைக்காரர் அந்த இடம் தனக்கு வேண்டும் என்பார், நீங்களோ அந்த இடத்தில் இருந்த கஷ்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அடிவயிற்றில் செய்தது என்கிறீர்களே, அது வேறு. அந்தப் பாக்கெட் உங்களுக்கு அவமானமாக இருந்த அதே காலமெல்லாம் அப்பாவுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது. அதைக் கடையிலிருந்து எடுத்தால் அவருடைய பெருமையில் மிச்சம் இருந்ததும் போகிறது. துக்கம் வராமல் என்ன செய்யும்? ஒரு படத்தை வெறுத்துக்கொண்டே அது போகும்போது அழலாம், அதில் பொய் எதுவும் இல்லை.

உணவுப் பொட்டலத்தில் முகமாகிப் போனவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கதை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் கெர்பர் என்ற குழந்தை உணவு டப்பாவில் இருக்கும் பாப்பா ஆன் டர்னர் குக். பக்கத்து வீட்டு ஓவியர் டோரதி ஹோப் ஸ்மித் கரிக்கோலால் வரைந்த சின்ன ஸ்கெட்ச், 1928ல் கம்பெனி நடத்திய போட்டியில் தேர்வானது. அந்தக் குழந்தை யார் என்று கம்பெனி 1978 வரை சொல்லவில்லை. அதுவரை ஊரில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள், நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்தான் அது என்றுகூட ஒரு புரளி (1928ல் அவருக்கு வயது இருபத்தெட்டு!). ஆன் ஃப்ளோரிடாவில் ஆங்கில ஆசிரியையாக இருந்தார், பிறகு துப்பறியும் நாவல்கள் எழுதினார், 2022ல் 95 வயதில் காலமானார். அந்தப் படத்தோடு சுமுகமாகவே வாழ்ந்தவர். அவருக்கு அது எளிதாக இருந்ததற்கு ஒரு காரணம், கைக்குழந்தையின் முகத்தை யாரும் தொண்ணூறு வயதுப் பாட்டியின் முகத்தோடு வைத்து நிறம் மங்கிவிட்டது என்று சொல்லப்போவதில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆறு வயதுப் படம் அப்படி இல்லை. அதில் உங்கள் ஜாடை முழுதாக வந்துவிட்டது, அதனால் ஒப்பிட வருகிறவர்களுக்கு வேலை சுலபம்.

ஜெர்மனியில் கிண்டர் சாக்லேட் அட்டையில் இருந்த சிறுவன் குந்தர் ஒய்ரிங்கர். 1973ல் வந்த படம் 2005 வரை இருந்தது, அவருக்குக் கிடைத்தது 300 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்). முப்பது வருஷத்துக்கு மேல் விற்ற சிரிப்புக்கு ஒரு நாள் கூலி! பையன் ஒத்துக்கொண்டிருப்பான்தான். ஆனால் ஒரு பிள்ளையால் ஒரு மத்தியானத்துக்கு மட்டும்தான் சரி சொல்ல முடியும். அதற்குப் பிறகு வரும் வருஷங்களுக்கு அந்தச் சரி எப்படிச் செல்லும்? உங்கள் மகள் கண்ணாடி முன்னால் பழகுவதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளாததும் இதனால்தான். அது விளையாட்டு. தாராளமாக விளையாடட்டும். வீட்டிலேயே நிஜப் பாயசம் வைத்து, நீங்களே போனில் படம் எடுங்கள், எடுத்த கையோடு அவள் அதைச் சாப்பிடட்டும்.

சரி, கோபத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, அப்பா முதலாளி முகத்தைப் பார்த்தார் என்பது. அதை எழுதிவிட்டு நீங்கள் அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். சம்பளம் தருகிறவர் வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்டால், கணக்கு எழுதுகிறவரால் என்ன சொல்லியிருக்க முடியும்? அப்பாவுக்கு அன்று வேறு வழி இருந்திருக்காது. அதே சமயம், அழுத பிள்ளையை இறக்கிவிடாமல் நிற்க வைத்ததும் அவர்தான். இரண்டும் உண்மை. இறந்துபோனவர் மேல், அதுவும் பாசமாக இருந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று நமக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள், அதனால் அந்தக் கோபம் முதலாளி மகன், அத்தை, நாத்தனார் என்று கிடைத்தவர் பக்கமெல்லாம் போகிறது. அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். கை வலித்தது, பசித்தது, நீங்க ஏன் என்னைத் தூக்கிட்டுப் போகலை என்று ஆறு வயசுக்காரி கேட்கிற மாதிரியே எழுதுங்கள். மரியாதையெல்லாம் பார்க்காதீர்கள்.

அப்புறம் கணவர். அவருக்குப் பெண் பார்க்கும் படலம் ஒரு சிரிப்பான நினைவாக இருக்கலாம், ஏனென்றால் நீங்களும் அன்று சிரித்தீர்கள். அந்தப் பாக்கெட் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று அவரிடம் என்றைக்காவது சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அதைச் சொல்லுங்கள், பெரியம்மாவைத் திட்டாமல். சொல்லிவிட்டு, "நம்ம பொண்ணை நாளைக்கு ஒருத்தர் இப்படிப் பிடிச்சுப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். என்ன குறைஞ்சுடப் போகுது என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. ரீல்ஸ் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களை மாவட்டம்தான் பார்த்தது, அவளை முகம் தெரியாதவர்கள் கமெண்ட் போட்டு அளப்பார்கள்.

கம்பெனிக்குப் பதில் எழுத்தில் போகட்டும், போனில் வேண்டாம், கணவர் வழியாகவும் வேண்டாம். குழந்தை முகம்தான் வேண்டும் என்றால் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். பார்லே-ஜி பாப்பா ஓர் ஓவியம்தான், 1960களில் மகன்லால் தாய்யா என்பவர் வரைந்தது. ஆனாலும் யாராவது ஒரு பெரிய பெண்மணியின் போட்டோவைப் போட்டு, அந்தப் பாப்பா இவர்தான் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மக்களுக்கு அந்த ஆசை விடாது, ஆனால் ஓவியத்தை யாரும் பெண் பார்க்க வர முடியாது.

உங்கள் பழைய படத்தை அவர்கள் எங்கும், ரீல்ஸிலும்கூட, இனிமேல் பயன்படுத்தலாமா கூடாதா என்பது நீங்கள் தீர்மானிக்க வேண்டியது. சட்டம் எனக்குத் தொழில் இல்லை, ஒரு வக்கீலிடம் போங்கள். போகும்போது இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் போட்டோ பொதுவாகச் சொந்தம், ஆகவே ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டியது யார் என்று கேட்பார்கள். ஆனால் ஒருவருடைய உருவத்தை அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் ஆட்டோ சங்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதுவும் 1994தான். அன்று சம்மதம் கொடுத்தவர் அப்பா என்பதால் விஷயம் சிக்கல்தான், நாளும் ஆகும். கலிஃபோர்னியாவில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியர், 1986ல் 250 டாலருக்கு எடுத்த தன் படம் காபி ஜாடியில் இருப்பதை 2002ல்தான் தெரிந்துகொண்டு வழக்குப் போட்டார். 2005ல் ஜூரி ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது, அப்பீலில் அது ரத்தானது, 2009லும் வழக்கு முடிந்தபாடில்லை. பணத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

படத்தை எடுத்துவிடச் சொல்வதா, அப்பாவுக்காக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதா என்று இந்த வாரமே முடிவெடுக்க வேண்டியதில்லை. மகள் விஷயத்தில் மட்டும் பதிலை நாளைக்கே அனுப்பிவிடுங்கள், அத்தையிடமும் அன்றைக்கே நீங்களே சொல்லிவிடுங்கள்.