கிளட்ச் கவரில் உள்ள பெயின்ட் பொட்டு கிரேடைச் சொல்லுமா?

கேள்வி: என்னிடம் 1967 எம்ஜிபி கார் இருக்கிறது. பழைய உதிரிபாகங்களோடு இரண்டு கிளட்ச் கவர்கள் கிடைத்தன. இரண்டுமே 8 அங்குலம், பார்க்க ஒரே மாதிரி. ஒன்றின் டயஃப்ரத்தில் மட்டும் மஞ்சள் பொட்டு இருக்கிறது. அது பந்தயத்துக்கான கிரேடு என்கிறார் நண்பர். எப்படி உறுதி செய்வது? எதை மாட்டலாம்?

பதில்: பொட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கிளட்ச் கவர் என்பது கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிக்கும் பாகம்; அந்த அழுத்தத்தின் அளவுதான் கிரேடு. டயஃப்ரம் என்பது கவரிலுள்ள கூம்பு வடிவ ஸ்பிரிங். நிற அடையாளம் உண்மையில் உண்டு. ஆனால் ஒரு தயாரிப்பாளர், ஒரு அளவு, ஒரு காலகட்டம் என்ற வட்டத்துக்குள்தான் அதற்குப் பொருள். ஒருவருடைய மஞ்சள் இன்னொருவருடைய மஞ்சள் அல்ல. தவிர, பழைய கவரைப் புதுப்பித்து விற்பவர்கள் தங்கள் சோதனை முடிந்ததற்கு அடையாளமாகவும் ஒரு பொட்டு வைப்பதுண்டு.

முதலில் தேட வேண்டியது பொறித்த எண்ணை. கவரின் வெளி விளிம்பு, போல்ட் துளைகளை ஒட்டிய தட்டையான இடம் இரண்டையும் பாருங்கள். பழைய கிளட்ச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதனால் காற்றடித்துத் துடைக்கவே கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கம்பி பிரஷ் போட்டால் எண்ணும் போகும், பொட்டும் போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எண் நிழலோடு எழுந்து நிற்கும். போர்க் அண்ட் பெக், சாக்ஸ், லுக் எல்லாம் கிளட்ச் தயாரிப்பாளர்கள். போர்க் அண்ட் பெக் எண்களில் 'எச்.இ.' என்று தொடங்குவது கவர், 'எச்.பி.' என்று தொடங்குவது கிளட்ச் பிளேட். சாக்ஸ் என்றால் 3082 என்று தொடங்குவது கவர். லுக் எண்ணில் முதல் இலக்கம் 1 என்றால் கவர், அடுத்த இரண்டும் சென்டிமீட்டரில் விட்டம். முழு எண் கிடைத்துவிட்டால் தயாரிப்பாளரின் பட்டியலே கிரேடைச் சொல்லிவிடும்.

எண் தேய்ந்து போயிருந்தால் அளந்துதான் பார்க்க வேண்டும். டயஃப்ரம் ஸ்பிரிங்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளங்கள். டயஃப்ரத்தில் நடுவை நோக்கி நீளும் பட்டைகளை விரல்கள் என்பார்கள். ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது விரல்களைத் தள்ளும் பாகம்) உரசித் தேய்ந்த விரல் நுனியில் வேண்டாம், கொஞ்சம் உள்ளே தள்ளி, தேயாத இடத்தில். இரண்டு கவரிலும் மூன்று நான்கு விரல்களில் எடுங்கள். சின்ன வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள், தடிமன் லேசாக ஏறினாலே அழுத்தம் வேகமாக ஏறும். அதற்காகத் தடிமன் சமம் என்றால் கிரேடும் சமம் என்று சொல்லிவிட முடியாது. கூம்பு உயரமும் விரல்கள் தாங்கும் வளையத்தின் இடமும் சேர்ந்துதான் அழுத்தத்தை முடிவு செய்கின்றன.

எம்ஜிஏ காரில் இருப்பது போன்ற காயில் ஸ்பிரிங் (சுருள் ஸ்பிரிங்) கவர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் பெயின்ட் இருப்பது ஸ்பிரிங்குகளின் மேல். பழைய ஒர்க்‌ஷாப் மேனுவலில் ஸ்பிரிங்கின் எண்ணிக்கையும் நிறமும் இருக்கும். கம்பி 4.0 மில்லிமீட்டரிலிருந்து 4.2 ஆனால், மற்ற அளவுகள் மாறாதபோது, விறைப்பு சுமார் 21 சதவீதம் கூடும். அந்தக் கவரைப் பிரஸ்ஸில் அழுத்திப் பிடிக்காமல் கழற்றாதீர்கள், ஸ்பிரிங் முகத்தில் பாயும்.

சந்தேகமில்லாத பதில் வேண்டும் என்றால் பிடிப்பு அழுத்தத்தை அளப்பதுதான் ஒரே வழி. கிளட்ச் ரீகண்டிஷன் செய்யும் பட்டறைகளில் இதற்கான கருவி இருக்கும். கிளட்ச் பிளேட் அழுந்திய நிலையில் எவ்வளவு தடிமனோ, அந்த இடைவெளியில் கவர் எவ்வளவு விசை தருகிறது என்று கேளுங்கள். விரல்களை அழுத்தத் தேவைப்படும் விசை வேறு; அது நெம்புகோல் கணக்கில் குறைவாகத்தான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கவரைப் பலவீனமானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கிடைத்த பிடிப்பு விசையை இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு விசை 4,000 நியூட்டன், உராய்வுக் கெழு 0.3, பிளேட்டின் சராசரி ஆரம் 85 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முகங்களுக்கும் சேர்த்து 204 நியூட்டன் மீட்டர் தாங்கும். எம்ஜிபி எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய 149 நியூட்டன் மீட்டர். ஆக, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உபரி. மாற்றம் செய்யாத எஞ்சினுக்கு இது தாராளம்.

பெடல் இறுக்கத்தை வைத்து கிரேடைக் கணிப்பதும் சரிவராது. டயஃப்ரம் கவரில் பிளேட் தேயத் தேய பெடல் இன்னும் கனக்கும். அதைப் பார்த்து கவர் கனமான கிரேடு என்று நினைப்பார்கள். உண்மையில் மாற்ற வேண்டியது பிளேட்டாக இருக்கும்.

எதை மாட்டலாம் என்று கேட்டால், தயங்காமல் ஸ்டாண்டர்ட் கிரேடு என்பேன். கனமான கவர் நழுவலுக்கு மருந்து என்று பலர் நம்புகிறார்கள். நழுவலுக்குப் பெரும்பாலும் எண்ணெய்க் கசிவோ தேய்ந்த பிளேட்டோதான் காரணம். மேலும், எம்ஜிபியில் ரிலீஸ் பேரிங் கார்பன் வகை. கனமான கவர் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கிராங்க் ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் வாஷர் (ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் வளையம்) மேல் விழுகிறது. கவர் விலையைவிட அந்த வாஷரை மாற்றும் வேலைக்கு ஆகும் செலவு பல மடங்கு.

மாட்டும் முன் பிரஷர் பிளேட்டின் (கவரில் கிளட்ச் பிளேட்டை அழுத்தும் தட்டு) முகத்தையும் பாருங்கள். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அது சூடேறிய கவர். பொட்டு எந்த நிறமானாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். முகத்தை மறுபடி கடைந்து எடுத்திருந்தால், எவ்வளவு குறைத்தார்கள் என்று தெரியாமல் மாட்டாதீர்கள். முகம் மெலிந்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் நிலையே மாறிவிடும், கவரின் கிரேடு என்று பட்டியலில் இருப்பது அப்போது உங்கள் கவருக்குப் பொருந்தாது.