வில்லில் 45 என்று எழுதியிருந்தால் அது 45 பவுண்டுதானா?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய பொருள் கடை ஒன்றில் ஒரு ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) வாங்கினேன். பர்மாவிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். கைப்பிடிக்கு மேலே ‘45 எக்ஸ், 28 அங்குலம்’ என்று மங்கலாக எழுதியிருக்கிறது. இழுத்துப் பார்த்தால் அவ்வளவு கனமாகத் தெரியவில்லை. உண்மையான இழுவிசையை வீட்டிலேயே பார்க்க முடியுமா? என் மகனுக்கு 14 வயது, பயிற்சியில் 24 பவுண்டு வில் பிடிக்கிறான். இதை அவனிடம் கொடுக்கலாமா? – வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் பர்மா கதையை முடித்துவிடலாம். வில்லின் கைகளில், அதாவது கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளில், மேலும் கீழும் கண்ணாடியிழைப் பட்டை ஒட்டியிருந்தால் அது பர்மா வில்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வகை வில்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வந்து, 1950, 60களில் பரவியவை. நகரத்தார் பெரும்பாலும் 1942-லேயே பர்மாவை விட்டு வந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் பர்மா என்று சொன்னால் பொருளுக்குத் தனி விலை, அவ்வளவுதான். வில் நல்ல வில்லாகவே இருக்கலாம்.

அடுத்தது அந்த எழுத்து. நாணை 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு என்று அதற்கு அர்த்தம். எக்ஸ் குறி, சில பழைய அமெரிக்க வில்களில், சொன்னதைவிட ஓரிரு பவுண்டு கூடுதல் என்பதைக் காட்டும். நீங்கள் 28 அங்குலம் இழுத்தீர்களா என்பதுதான் கேள்வி. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து, அதை 2.5-ஆல் வகுங்கள். 66 அங்குலம் வந்தால் உங்கள் இழுப்பு 26½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். 28-க்கு அருகே ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2 முதல் 3 பவுண்டு ஏறி இறங்கும். ஆக, அதே வில் உங்கள் கையில் 41, 42 பவுண்டுதான். பழகாதவர்கள் முழு இழுப்புக்குப் போவதும் இல்லை. நெஞ்சுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். லேசாகத் தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வில் தளர்ந்துபோனதும் காரணமாக இருக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

ஆனால் அளப்பதற்கு முன்னால் வில்லைப் பாருங்கள். பழைய வில்லில் எனக்குக் கவலை இழுவிசையைப் பற்றி அல்ல, பசையைப் பற்றி. ஓட்டுக்கு அடியில் பரணிலோ தகரப் பெட்டியிலோ பல கோடைகள் கிடந்திருந்தால் ஒட்டு விட்டிருக்கும். கைப்பிடி மரம் மெலிந்து வில்லின் கையோடு சேரும் இடத்தைப் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பிளவு முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கேதான். கடையில் எண்ணெய் தடவி மினுக்கி வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள், எண்ணெய் விரிசலை மறைத்துவிடும். ஒரு பஞ்சை எடுத்து விளிம்பு நெடுக ஓட்டுங்கள். இழை தூக்கியிருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். வார்னிஷில் மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள் சகஜம்தான். நகம் அதில் தட்டினால் மட்டும் சந்தேகப்படுங்கள். நீளவாக்கில் ஓடும் விரிசல் இருந்தால் அளக்கவே வேண்டாம், சுவரில் மாட்டிவிடுங்கள்.

கூடவே வந்த நாணைத் தூக்கிப் போடுங்கள். புது நாண் டெக்ரான் என்ற பாலியெஸ்டர் நூலில் வாங்குங்கள். இன்றைய ஃபாஸ்ட்ஃபிளைட் போன்ற நீளாத நாண், பழைய வில்லின் நுனிகளை வெட்டிவிடும். நாண் ஏற்ற, அதற்கென்றே உள்ள கயிற்றை வாங்கிக்கொள்ளுங்கள். காலுக்கிடையில் விட்டு வளைத்தால் வில்லின் கை முறுக்கிக்கொள்ளும். பிறகு நாணுக்கும் கைப்பிடியில் கை பதியும் குழிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். பெரும்பாலும் 7 முதல் 8½ அங்குலத்துக்குள் இருக்கும். இது மாறினால் இழுவிசையும் கொஞ்சம் மாறும். ஒரு மணி நேரம் நாணோடு விட்டு வைத்து, பிறகு நுனியிலிருந்து பார்த்தால் நாண் இரண்டு கைகளின் நடுவிலும் ஓட வேண்டும்.

சரி, இனி அளக்கலாம். 50 கிலோ வரை காட்டும் லக்கேஜ் தராசு போதும், கொக்கி வைத்ததை விட வார் வைத்தது நல்லது. அது சரியாகக் காட்டுகிறதா என்று ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் வீடுகளில் உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இருக்குமே, அதிலிருந்து கயிறு விட்டுத் தராசைத் தோள் உயரத்தில் தொங்கவிடுங்கள். நாணின் நடுவில் வாரைச் சுற்றிப் பூட்டுங்கள். வில் கீழே படுக்கைவாக்கில் தொங்கும். கைப்பிடியை இரு கையாலும் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும்.

அம்பை வைத்து அளக்காதீர்கள். வார் நழுவினால் அம்பு உங்கள் காலில் இறங்கும். தையல்காரர் டேப்பின் முனையை நாணில் கட்டித் தொங்கவிட்டு, கைப்பிடியின் குழி எந்த எண்ணுக்கு நேரே வருகிறது என்று பாருங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 28 அங்குல இழுப்பு என்றால் டேப்பில் 28 அல்ல. முன்பு ஏ.எம்.ஓ. என்ற பெயரில் இருந்த அமெரிக்க வில் தயாரிப்பாளர் அமைப்பின் முறைப்படி, நாணிலிருந்து குழி வரையுள்ள தூரத்தோடு 1¾ அங்குலம் கூட்ட வேண்டும். அதனால் டேப்பில் 26¼ வந்தால் அதுதான் 28. இது தெரியாமல் டேப்பில் 28 வரை இழுத்தால் வில் கிட்டத்தட்ட 30 அங்குலம் இழுபட்டிருக்கும். பழைய வில்லை அப்படி இழுக்கக் கூடாது.

வில்லின் எடையைக் கழிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கைப்பிடி மரத்தின் கனமும் நாணைத்தான் இழுக்கிறது, அது கணக்கில் சேர்ந்ததே. வில்லை மாட்டும் முன் தராசு பூஜ்யம் காட்டினால் போதும்.

காலையில் நிழலில் செய்யுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை ஒதுக்கி வையுங்கள், பிள்ளைகள் கிட்டே வேண்டாம். முதலில் பத்து அங்குலம் வரை சில தடவை, அப்புறம் பதினைந்து, இருபது என்று போங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் அதோடு நிறுத்துங்கள். டேப்பில் 22¼, 23¼ என்று 26¼ வரை ஒவ்வொரு அங்குலத்திலும் ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும். விடும்போது படாரென்று விடாமல் மெதுவாக மேலே கொண்டுபோங்கள். அம்பில்லாமல் நாணை விட்டால் அந்த அடி முழுக்க வில்லின் கைகளில்தான் இறங்கும்.

கிலோவை 2.2-ஆல் பெருக்கினால் பவுண்டு. 26¼-ல் 20.4 கிலோ வந்தால் எழுதிய 45 சரி. 19 கிலோ வந்தால் 42. ஐம்பது அறுபது வருட வில்லுக்கு இது ஒரு குறையே இல்லை. கடைசி அங்குலத்தில் மட்டும் 4 பவுண்டுக்கு மேல் தாவினால், அந்த வில்லை அதற்கு முந்தைய அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மகனுக்கு வேண்டாம். அவன் இழுப்பு 25 அங்குலம் என்றே வைத்தாலும் 37, 38 பவுண்டு வரும். 24-லிருந்து அங்கே ஒரே தாவாகப் போனால் தோள்பட்டை போய்விடும், பழகிய பாணியும் கெட்டுவிடும். ஒலிம்பிக்கில் ஆண்கள் பிடிப்பதே பெரும்பாலும் 45, 50 பவுண்டு வாக்கில்தான்.

நீங்கள் எய்வதாக இருந்தால் அம்பு லேசாக இருக்கக் கூடாது. பழைய வில்லுக்குப் பவுண்டுக்கு 10 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு) என்று நான் கணக்கு வைப்பேன். உங்கள் இழுப்பில் 42 பவுண்டு என்றால் 420 கிரெயின், அதாவது முனையோடு சேர்த்து 27 கிராம். தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.